பல்லின் ஈறும் திருகின் ஈறும்

மொட்டை போடவும் காது குத்தவும் திருத்தணி மலைக்கு வராத குடும்பம் எங்கள் பக்கத்தில் அநேகமாகக் கிடையாது. போன தை மாதம் என் அக்கா குழந்தைக்கு அங்கேதான் காது குத்தினோம். தாய்மாமன் என்பதால் என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். ஒரே வாரத்தில் குழந்தையின் இடது காதில் லேசாகச் சீழ் கட்டியது. அம்மா தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, கம்பியை இருவேளையும் மெல்லச் சுழற்றிவிட்டார். பத்து நாளில் காய்ந்துவிட்டது.

அதே நாட்களில் என் மாமாவுக்கும் சீழ் வந்துகொண்டிருந்தது. கீழ்த்தாடையின் வலப் பக்கத்தில் அவருக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் இம்ப்ளாண்ட். எங்கள் ஊரில் ‘ஸ்க்ரூ பல்’ என்பார்கள். ஏழு வருஷத்துக்கு முன் சென்னையில் வைத்துக்கொண்டது. அவரும் உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், கிராம்புத் தைலம் வைத்தார், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டார். மாத்திரை இருக்கும்வரை சீழ் அடங்கும், தீர்ந்ததும் திரும்பும். காதில் ஆறிய சீழ் ஏன் ஈறில் ஆறவில்லை என்ற கேள்விதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. காதில் கம்பி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிடுகிறது. நாளடைவில் துளையின் உள்சுவரிலும் தோல் வளர்ந்து மூடிக்கொள்கிறது. இம்ப்ளாண்ட்டும் தோலைத் துளைத்து நிற்கிற உலோகம்தான். ஆனால் அந்தத் துளைக்கு மறுபக்கம் என்று ஒன்று இல்லை. அதன் அடியில் இருப்பது எலும்பு.

மாமாவை இன்னொருவரோடு ஒப்பிட நான் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. அவருடைய அக்காவான என் அம்மாவுக்கு நாற்பது வயதிலிருந்தே ஈறு நோய். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர்: ஒருவருக்குச் சொந்தப் பல்லைச் சுற்றி நோய், மற்றவருக்கு வைத்த பல்லைச் சுற்றி நோய். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பல் துலக்காமல் விட்ட இடத்தில் படிகிற, நகத்தால் சுரண்டினால் மாவுபோல வருகிற அழுக்குப் படலமும் அதில் குடியேறிய கிருமிகளும். ஆனால் அதே கிருமி இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

இயற்கைப் பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி உண்டு. அதில் ஆயிரக்கணக்கான நார்கள் பல்லைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கின்றன. ஈறிலிருந்து வரும் நார்களும் வேரின் மேற்பூச்சுக்குள் குறுக்காகப் போய்ப் புதைந்துகொள்கின்றன. பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவுக்குள் ஊடு புகுந்து இறுகியதுபோன்ற பிடிப்பு அது. இம்ப்ளாண்ட்டின் டைட்டேனியத்தில் நார் புதைய முடியாது. ஆகவே ஈறின் நார்கள் அதற்கு இணையாக மேலும் கீழுமாகவும், வளையம்போலச் சுற்றியும் படுத்திருக்கின்றன. தூணைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல. துணி எவ்வளவு இறுகியிருந்தாலும் தூணுக்குள் நெய்யப்பட்டதாகாது. இன்னொரு குறையும் உண்டு. பல்லைச் சுற்றிய நார்ப்படுகையில் ரத்தக் குழாய்கள் நிறைய ஓடுகின்றன; ஈறுக்கு அங்கிருந்தும் ரத்தம் வருகிறது. இம்ப்ளாண்ட்டுக்கு அந்தப் படுகையே இல்லை. கிருமியோடு சண்டை போட வரும் படைக்கு ஒரு பாதை குறைவு.

இதைச் சொல்வதால் நான் இம்ப்ளாண்ட்டுக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரானெமார்க் 1952ல் முயல் எலும்புக்குள் வைத்த டைட்டேனியக் கருவியைக் கழற்ற முடியாமல் போனபோது, எலும்பும் அந்த உலோகமும் ஒன்றிவிடுவதைக் கண்டார். 1965ல் கோதன்பர்க்கில் அவர் முதன்முதலாக இம்ப்ளாண்ட் வைத்த மனிதர், 2006ல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகள் அவற்றோடு வாழ்ந்தார். நன்றாகப் பராமரித்தால் நிலைக்கிற பொருள்தான் இது.

மாமா தவறியது வேறோர் இடத்தில். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எலும்பு கூடுவது புதிய சங்கதி அல்ல. நகரியைத் தாண்டினால் புத்தூர். மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் புத்தூர்க் கட்டுக்குப் போய்வந்தவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். கட்டைப் பிரித்தால் வேலை முடிந்தது, எலும்பு கூடிவிட்டது, இனி கவலை இல்லை. மாமா இம்ப்ளாண்ட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் எலும்பு பிடித்துவிட்டது, மேலே பல் மாட்டியாயிற்று, அத்தோடு மருத்துவமனைக்கும் தனக்குமான கணக்குத் தீர்ந்தது என்று இருந்துவிட்டார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வைத்த இடத்தில் அந்தப் பல்லின் அடியில் எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒரு நாளும் செய்து காட்டவில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது வாருங்கள் என்று ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. கால் எலும்பு கூடினால் அதன்மேல் தோல் மூடிவிடும். தாடையில் கூடிய எலும்புக்கு மேலே ஈறு ஆயுள் முழுக்கத் திறந்தே இருக்கும். உமிழ்நீரும் சோறும் கிருமியும் அந்த வாசலில்தான் தினமும் நின்றுகொண்டிருக்கின்றன.

இரண்டு ஈறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும் பரிசோதனைகள் இரண்டு உண்டு. 1965ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர், ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது. ஈறு நோய்க்கு அழுக்குப் படலம்தான் காரணம் என்பது அன்றோடு ஐயமற நிறுவப்பட்டது. இதே சோதனையை 2012ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், ஒரே வாயில் சொந்தப் பல்லும் இம்ப்ளாண்ட்டும் உள்ளவர்களிடம் செய்தார்கள். மூன்று வாரம் துலக்காமல் விட்டதில் இரண்டு பக்கமும் வீங்கின. இம்ப்ளாண்ட்டைச் சுற்றி ரத்தக் கசிவு கூடுதலாக இருந்தது. அதன்பின் மூன்று வாரம் ஒழுங்காகத் துலக்கியும் ஈறு முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கெடுவது எளிதாக இருந்தது, மீள்வதற்கு நாள் பிடித்தது.

வாரக்கணக்கில் இல்லாமல் வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் சொந்தப் பல் என்ன ஆகும்? இதற்கான விடையை உலகம் நம் மக்களின் வாயிலிருந்தே கற்றது என்பதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதே லோவின் குழு 1970ல் இலங்கை மலையகத்தின் டன்சினேன், ஹாரோ தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயதுவரையான 480 தமிழ் ஆண் தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்தது. பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ எட்டாதவர்கள் என்பதே அவர்களைத் தேர்ந்தெடுத்த காரணம். நோய் தன் போக்கில் எப்படிப் போகிறது என்று 15 ஆண்டுகள் அளந்தார்கள். 8 சதவீதத்தினருக்கு வேகமாகப் பல்லின் பிடிமானம் அழிந்தது, 81 சதவீதத்தினருக்கு மெதுவாக அழிந்தது, 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 2010ல் பெர்ன் குழுவினர் மறுபடி தேடிப் போனபோது அந்த 480 பேரில் 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. உலகெங்கும் ஈறு மருத்துவப் பாடப்புத்தகங்களில் அந்த எண்கள் இருக்கின்றன. கொழுந்து கிள்ளும் தோட்டத்துக்குள் பல் துலக்கும் பிரஷ் போய்ச் சேராத காலத்தின் கணக்கு அது.

அந்தக் கணக்கிலிருந்து ஒப்பாய்வுக்கு வேண்டிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வைத்தியமே பார்க்காத சொந்தப் பல்கூடப் பெரும்பாலானோருக்கு மெதுவாகத்தான் சரிந்தது. உடம்பு அங்கே ஒரு வேலி போடுகிறது. பல்லைச் சுற்றிய புண்ணுக்கும் எலும்புக்கும் நடுவே ஆரோக்கியமான திசு ஒரு தடுப்பாக நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். இம்ப்ளாண்ட்டைச் சுற்றிய புண்ணில் அந்த வேலி பல நேரம் இருப்பதில்லை. புண் எலும்புவரை நேராக இறங்கிவிடுகிறது. கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2014ல் நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுக்களை ஒப்பிட்டபோது, இம்ப்ளாண்ட்டின் புண் பல்லின் புண்ணைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தது.

நோய் வருவதை நமக்குச் சொல்லும் விதத்திலும் வேறுபாடு உண்டு. வீட்டில் நான் கண்கூடாகப் பார்த்தது இது. அம்மாவுக்கு எச்சரிக்கைகள் வரிசையாக வந்தன. காலையில் துப்பினால் ரத்தம். பிறகு கூச்சம். பிறகு முன்பல் நடுவே சந்து விழுந்தது. ஒரு நாள் சீடையைக் கடித்தபோது பல் ஆடியது. அன்றே பயந்துபோய்ச் சென்னை கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். மாமாவுக்கு எதுவும் ஆடவில்லை. இம்ப்ளாண்ட் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதால் மேல்பாதி எலும்பு கரைந்தாலும் கீழ்ப்பாதி இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அது ஆடத் தொடங்கினால் பிடிமானம் முழுவதும் போயிற்று என்று பொருள். நரம்பு இல்லாததால் பல்வலி என்று ஒன்று வராது. பெரும்பாலும் ஈறும் வலிப்பதில்லை. “வலி இல்லையேக்கா, பின்னே என்ன?” என்று மாமா மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் பல் டாக்டரிடம் போனார்.

அந்த அறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளி பெஞ்சில் பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் தமிழ். உள்ளே டாக்டர், கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை மாமாவின் ஈறுக்கும் இம்ப்ளாண்ட்டுக்கும் நடுவே மிக லேசாக இறக்கினார். கம்பி ஏழு மில்லிமீட்டர் கோடுவரை உள்ளே போயிற்று. எடுத்த சில நொடியில் விளிம்பில் குண்டூசித் தலையளவு ரத்தம் முளைத்து, அதன் பின்னால் மஞ்சளாக ஒரு துளி எழுந்தது. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். திருகைச் சுற்றி இருபக்கமும் எலும்பு கிண்ணம்போலக் குழிந்திருந்தது. “பல் மாட்டின அன்னிக்கு எடுத்த எக்ஸ்ரே இருக்கா சார்?” என்று கேட்டார். இல்லை. அது இருந்தால்தான் எவ்வளவு எலும்பு இந்த ஏழு வருஷத்தில் போனது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். இம்ப்ளாண்ட் எந்தக் கம்பெனி, என்ன அளவு என்ற அட்டையும் இல்லை. மேலே உள்ள பல்லைக் கழற்றச் சரியான திருப்புளியைத் தேடியே ஒரு வாரம் போயிற்று. கழற்றிப் பார்த்தால் ஈறுக்கு அடியில், பல்லை ஒட்டப் பயன்படுத்திய சிமெண்ட் கெட்டியாக ஒரு விளிம்பு கட்டி நின்றது. அமெரிக்காவில் 2009ல் வெளியான ஓர் ஆய்வில், நோய்ப்பட்ட இம்ப்ளாண்ட்டுகளில் ஐந்தில் நான்கில் இப்படி மிச்ச சிமெண்ட் இருந்தது.

மருத்துவர்கள் இந்த நோயை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஈறு மட்டும் வீங்கி ரத்தம் கசிந்தால் மியூக்கோசைட்டிஸ். எலும்பும் கரையத் தொடங்கினால் பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, இம்ப்ளாண்ட் வைத்தவர்களில் முதல் வகை 43 சதவீதத்தினருக்கும் இரண்டாம் வகை 22 சதவீதத்தினருக்கும் இருப்பதாகக் கணக்கிட்டது. முதல் கட்டத்திலிருந்து திரும்பி வரலாம். இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டால் போன எலும்பு தானாக வராது.

வைத்தியத்தில் சொந்தப் பல்லுக்கு வாய்ப்பு எவ்வளவு அதிகம் என்பதை அம்மாவின் வாய் காட்டுகிறது. ஸ்கேலிங் செய்தார்கள், ஈறைப் பிரித்து வேரைச் சுரண்டித் தைத்தார்கள், ஆடிய இரண்டைப் பிடுங்கினார்கள். வேர் வழவழப்பானது, காரையைச் சுரண்டினால் சுத்தமாக வரும். அன்றிலிருந்து இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக மீதிப் பற்கள் நிற்கின்றன. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் 1972ல் தொடங்கி, ஒழுங்காகத் துலக்கக் கற்றுக்கொடுத்து, தொடர்ந்து சுத்தம் செய்துவந்தவர்களை 30 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒருவர் இழந்த பற்கள் சராசரியாக இரண்டைக்கூடத் தொடவில்லை.

இம்ப்ளாண்ட்டில் சுரண்ட வேண்டிய இடம் திருகின் மரை. எலும்பு சீக்கிரம் பிடிக்க வேண்டுமென்று அதன் மேற்பரப்பை வேண்டுமென்றே சொரசொரப்பாகச் செய்கிறார்கள். எலும்புக்குள் இருக்கும்வரை அது வரம். எலும்பு கரைந்து வெளியே தெரிந்துவிட்டால் கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. 2016ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 100 நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, எல்லா இம்ப்ளாண்ட்டுகளையும் சேர்த்து 45 சதவீதத்தில்தான் வெற்றி. வழவழப்பானவற்றில் 79 சதவீதம், சொரசொரப்பானவற்றில் 34. நல்ல கைகளில், நல்ல வசதியோடு செய்ததன் விளைவு இது.

மாமாவுக்கு முதலில் அறுவை இல்லாமல் தொடங்கினார்கள். சிமெண்ட்டை எடுத்து, டைட்டேனிய முனைக் கருவியால் சுரண்டி, நுண்ணிய பொடியைக் காற்றோடு பீச்சிக் கழுவினார்கள். இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ஐரோப்பிய ஈறு மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பு 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 6 முதல் 12 வாரத்தில் மறுபடி அளந்து பார்க்கச் சொல்கிறது. பள்ளம் ஆழமாகவே இருந்தால் பிறகு அறுவை. அதே வழிகாட்டுதல், ஈறைத் திறக்காமல் செய்யும் இந்த முதல் கட்டத்தில் ஆன்டிபயாடிக் மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இதை எங்கள் ஊரில் உரக்கச் சொல்ல வேண்டும். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் மாத்திரையால் மரைக்குள் ஒட்டிய படலம் போகாது, மேலே சீழ் மட்டும் கொஞ்ச நாள் அடங்கும். மாமா அப்படி அடக்கி அடக்கி இழந்தது ஒரு வருஷத்து எலும்பு.

தடுப்பதில் மட்டும் இரண்டு ஈறுகளும் அக்காள் தம்பிபோல ஒரே பாதையில் நடக்கின்றன. சொந்தப் பல்லில் ஈறு நோய் இருந்தவருக்கு இம்ப்ளாண்ட்டிலும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஈறைக் குணமாக்காமல் பக்கத்தில் திருகு இறக்கக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இரண்டும் கெடும். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. நம்மில் எத்தனை பேர் பல் டாக்டரிடம் அதைச் சொல்கிறோம்? புகையும் புகையிலையும் அப்படியே. 2016–17ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதாவதொரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள்.

வித்தியாசம் கருவியில் இருக்கிறது. சொந்தப் பல்லுக்குச் சாதாரண பிரஷ் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். இம்ப்ளாண்ட்டில் மேலே இருப்பது அகலமான கடைவாய்ப் பல், கீழே கழுத்து ஒல்லி. குடைக்கு அடியில் கம்பு நிற்பதுபோல. அந்தக் கழுத்தைச் சாதாரண பிரஷ் தொடவே தொடாது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷைத் தீக்குச்சி அளவுக்குச் சுருக்கியதுபோல ஒரு சிறு பிரஷ் விற்கிறது. அது நுழைகிற அளவுக்கு இடம்விட்டுத்தான் பல்லைச் செய்து மாட்ட வேண்டும். மாட்டுகிற அன்றே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு: அன்றைய எக்ஸ்ரேயின் பிரதி, இம்ப்ளாண்ட்டின் பெயரும் அளவும் எழுதிய அட்டை, சிறு பிரஷ்ஷை நம் கையாலேயே நுழைத்துப் பார்க்கும் பயிற்சி. சென்னையிலோ திருப்பதியிலோ வைத்துக்கொண்டு திருத்தணியில் வாழ்கிறவர்களுக்கு இது மிக மிக அவசியம். வைத்த இடத்துக்கு ஒவ்வொரு தடவையும் போக முடியாது. அட்டை கையில் இருந்தால் பக்கத்து டாக்டரும் பராமரிக்கலாம். நிலைமையைப் பொறுத்து 3 மாதம் முதல் 12 மாதத்துக்குள் ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். பிரேசிலில் மியூக்கோசைட்டிஸ் வந்தவர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2012ல் வெளியிட்டார்கள். தொடர் பராமரிப்புக்கு வந்தவர்களில் 18 சதவீதத்தினருக்கு எலும்பு கரையும் நோய் வந்தது, வராதவர்களில் 43.9 சதவீதத்தினருக்கு வந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரம் மருந்தால் வந்ததல்ல, போய் உட்கார்ந்து காட்டியதால் வந்தது.

மாமாவின் இரண்டு இம்ப்ளாண்ட்டில் முன்னால் உள்ளது தேறிவிட்டது. பின்னால் உள்ளதில் பள்ளம் இன்னும் ஆறு மில்லிமீட்டர்; ஈறைத் திறந்துதான் ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். இப்போது ராத்திரி சாப்பிட்டதும் அம்மாவும் மாமாவும் கிணற்றடிக் குழாயில்தான் நிற்கிறார்கள். மாமா அந்தச் சிறு பிரஷ்ஷைக் கன்னப் பக்கத்திலிருந்து நுழைத்து, நாக்குப் பக்கம் முனை வெளியே வந்ததும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். எடுத்த பிரஷ்ஷை விளக்கில் பிடித்து, சிவப்பு இருக்கிறதா என்று அம்மாவிடம் காட்டுகிறார். கண் சரியாகத் தெரியாத அம்மா, அதை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்து, “இன்னிக்கு இல்லடா தம்பி” என்கிறார்.

அறுவைக்கு முதலில் குறித்த நாள் ஆடிக் கிருத்திகை. அன்று காவடிக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நுழையாது. முந்தின வாரமே வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் தன் ஈறை அளந்து பார்க்க அன்றைக்கே நேரம் வாங்கியிருக்கிறார்.